வலை காயும் கரையில் பூங்கா வைப்பதென்றால்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டுக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. பொன்னேரியிலிருந்து வரும் சாலையில் காலையிலேயே கார்கள் வரிசை கட்டிவிடும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனம் வடக்கே பார்த்தபடி நிற்கும். நெருப்புப் பொட்டு ஒன்று கிளம்பி மேலே போகும். அது போன பிறகுதான் சத்தம் வந்து சேரும், நெஞ்சுக்கூடு அதிரும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் ஊருக்கு வேலை. தண்ணீர் பாட்டில், தட்டு, பாலித்தீன் பை எல்லாம் ஏரிப் பக்கம் பறக்கும்.

அப்படி ஒரு நாளில் கைக்குழந்தையோடு ஒரு பெண் எங்கள் பெரியம்மா வீட்டு வாசலில் வந்து தயங்கி நின்றார். "அக்கா, பாத்ரூம் போக எங்கேயாவது இடம் இருக்கா?" என்று கேட்டார். பெரியம்மா உள்ளே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் இன்னும் ஆறு பேர் நின்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதுதான் பேச்சு. இந்தக் கரையை ஒரு பூங்காவாக மாற்றினால் என்ன? ஊருக்கும் உட்கார ஒரு இடம், வருகிறவர்களுக்கும் ஒரு வசதி. இதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எப்படி மாற்றுவது என்று வந்தபோதுதான் ஆளுக்கொரு பக்கம் போனோம். சென்னையில் கட்டட வேலை பார்க்கும் தம்பி ஒரு வழி சொன்னான். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் வேறு வழி சொன்னார். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் பெரியம்மா பேத்தி மூன்றாவதாக ஒன்று சொன்னாள். சித்தப்பா, "ஒண்ணும் பண்ணாம விடுங்க, அதுவே பெரிய உதவி" என்றார். அந்த நாலு வழியையும் நான் பல மாதங்களாக மனதில் போட்டு எடை பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் முடிவையும் சொல்கிறேன். ஆனால் முதலில் அந்தக் கரை எது என்று தெரிய வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பழவேற்காடு ஒரு மீனவக் கிராமம். உண்மையில் இது ஒரு பழைய துறைமுக நகரம். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து போன துணிக்குப் பதிலாகக் கிழக்கிந்தியத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும் கைமாறின. அந்தக் காலம் போன பிறகும் கரை சும்மா இருக்கவில்லை. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய் பிறகு பழவேற்காடு ஏரிவரை நீண்டது. 1876 முதல் 1878 வரை வந்த பெரும் பஞ்சத்தில் கூலி கொடுத்து வேலை வாங்கி அதை மேலும் நீட்டி இணைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பேரில் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் சுண்ணாம்புச் சிப்பியும் தோணியில் ஏறிச் சென்னைக்குப் போயின. 1960களின் புயல்களும் லாரியும் சேர்ந்து அந்தப் போக்குவரத்தை முடித்துவைத்தன. சென்னைக்குள் அதே கால்வாயின் நடுவில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ஒரு நகரம் தன் நீர்க்கரைக்கு முதுகு காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தூண்களே போதும்.

பழவேற்காட்டில் இன்று எஞ்சியிருப்பது என்ன? சீமைக்கருவேலம் மண்டிய கோட்டை மேடு, அகழியின் தடம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறை, அதன் வாசலில் 1656 என்ற ஆண்டோடு கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். அப்புறம் படகுத்துறை. துறை மட்டும்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

காலை ஆறு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். பைபர் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கைச் சேற்றில் குத்தி நிற்கும். இறாலைக் கூறு கூறாகப் பிரித்துத் தரையில் கொட்டுவார்கள். நண்டின் கொடுக்கை நைலான் கயிற்றால் கட்டி வரிசையாக வைப்பார்கள். ஏலம் விடுகிறவரின் குரல் பஸ் நிறுத்தம்வரை கேட்கும். அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் ஆயாக்கள் ஒரு பார்வையிலேயே கூறின் எடையைச் சொல்லிவிடுவார்கள். எட்டு, ஒன்பது மணிக்கு ஏலம் அடங்கும். அதற்குப் பிறகு அதே தரையில் வலை வரும். ஒரு ஆள் தலையில் சுமந்து வந்து, ஒரு முனையைக் கட்டிவிட்டுப் பின்னோக்கி நடந்தபடியே விரித்துக்கொண்டு போவார். ஒரே ஒரு வலைக்குப் பின்னால் நானும் அவரோடு நடந்து பார்த்தேன். கரையோரம் அது பிடிக்கிற நீளத்தைப் பார்த்தால், பூங்கா என்ற சொல்லைச் சொல்லும்போதே கொஞ்சம் நிதானிக்கத் தோன்றும். வலை காய வேண்டும், கிழிந்த கண்ணி தெரிய வேண்டும், நிழலில் உட்கார்ந்து ஊசியால் பின்ன வேண்டும். இதற்கெல்லாம் பட்டா கிடையாது. ஆனால் யார் இடம் எது என்று எல்லாருக்கும் தெரியும்.

தண்ணீருக்குள்ளும் அப்படித்தான். ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. பாடு என்றால் வலை போடும் இடம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் எந்தப் பாட்டில் யார் எந்த நாளில் சுத்து வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். எழுதாத சட்டம், தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பாடு இல்லாதவர்களும் இருக்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் குனிந்து உட்கார்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றுக்குள் இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை இந்தக் கரையில் எந்நாளும் பார்க்கலாம். அவர்களுக்கு வலையும் படகும் வேண்டாம். ஆழமில்லாத ஓரம்தான் வேண்டும். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டுதான் நாலு வழியையும் ஒப்பிட முடியும்.

தம்பி சொன்ன வழி, ஏரி ஓரமாக நீளமாகச் சுவர் எழுப்பி, மேலே டைல்ஸ் பதித்த நடைபாதை, கைப்பிடிக் கம்பி, விளக்குக் கம்பம், செல்ஃபி எடுக்க ஒரு வளைவு, ஒரு முனையில் படகுச் சவாரி. அவன் ஆசையில் நியாயம் இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் இந்த ஊரில் ஒரு பெண் பயமில்லாமல் கால்வீசி நடக்க வெளிச்சமான ஒரு இடம் இல்லை. புதுச்சேரியில் மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். காலை ஏழரைவரை அந்தத் தெரு முழுக்க மனிதர்களுக்குச் சொந்தம். அந்த ஒரு முடிவுக்குச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் ஊருக்கே அது வாசல் திண்ணை மாதிரி ஆகிவிட்டது. தம்பி அதைத்தான் பார்க்கிறான்.

நான் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் பார்க்கிறேன். அதே புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக ஊருக்குத் தெற்கே கல்லணைகள் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைப்பட்டது. புதுச்சேரியின் மணற்கரை கரைந்து போனது. கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பாறையைத்தான் பீச் என்று நினைத்து வளர்ந்தார்கள். 2018 வாக்கில் தண்ணீருக்குள் ஒரு செயற்கைத் திட்டு போட்ட பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. நீருக்கும் நிலத்துக்கும் நடுவில் கெட்டியாக எதையாவது வைத்துவிட்டால், பிறகு அதற்குக் காலம் முழுக்கக் காவல் காக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வேலைக்கு நம் நாட்டில் எல்லாரும் காட்டும் உதாரணம் அகமதாபாத்தின் சபர்மதிக் கரை. 2005இல் வேலை தொடங்கி 2012இல் மக்களுக்குத் திறந்தார்கள். இரு பக்கமும் சுமார் 11 கிலோமீட்டர். அகலம் மாறி மாறிப் போன ஆற்றை ஒரே சீராக 263 மீட்டருக்குள் அடக்கினார்கள். நடக்கவும் உட்காரவும் அருமையான இடம், அதில் சந்தேகமில்லை. அதே கரையில் குடிசை போட்டிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் மாறின. ஆற்றில் எப்போதும் தண்ணீர் தெரிவதற்காக நர்மதைக் கால்வாயிலிருந்து நீர் விடுகிறார்கள். ஆற்றங்கரையில் கூடிவந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மட்டும் அதே கரையில் மேடை கட்டிப் புதிய இடம் கொடுத்தார்கள். அந்த ஒன்றை நாம் படித்துக்கொள்ளலாம்.

சபர்மதி அங்கே ஒரு பெருநகரத்தின் நடுவே ஓடும் ஆறு. பழவேற்காடு ஏரி அப்படி இல்லை. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆனால் பெரும்பகுதியில் ஓர் ஆள் நின்றால் தலை தெரியும். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, இந்த ஆழமில்லாத ஓரச் சேற்றில்தான் ஒளிந்து வளர்கிறது. வளர்ந்து கடலுக்குத் திரும்பும் வழியில்தான் நம் வலையில் விழுகிறது. ஓரத்தைச் செங்குத்துச் சுவராக்கினால் குஞ்சுக்குத் தொட்டில் போய்விடும். இருளர் பெண்களுக்கு நிற்க இடம் போய்விடும். படகு மூக்கைக் குத்தி நிற்க முடியாது. கூடையைச் சுவர் ஏற்ற வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரணி ஆறு ஏரியை நிரப்பும்போது, முகத்துவாரம் மணல் அடைத்திருந்தால், ஊர்த் தண்ணீர் வடிவதற்கு இந்த ஓரம்தான் வழி. அதையும் சுவர் மறிக்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. அலை ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரைக்கும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் எதையும் செய்யலாம் என்று 2010இன் திருத்தம் சொல்கிறது. கல்லறையை நடுவில் வைத்து வட்டம் போட்டுப் பார்த்தால் தம்பியின் படத்தில் ஒரு பெரிய துண்டு அழிந்துவிடும். இதை அவனிடம் சொன்னபோது, "அனுமதி வாங்கிக்கலாம் அண்ணா" என்றான். வாங்கலாமா வேண்டாமா என்பதுதானே கேள்வி?

படகுச் சவாரி பற்றி ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, இந்த ஏரிக்கு வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஊரில் அதை யாரும் மறக்கவில்லை. கரையை அழகாக்கிவிட்டு வருகிறவர்களைத் தண்ணீருக்குள் கூப்பிடுவதானால், உயிர்காப்பு மேலங்கி, படகுக்கு இத்தனை பேர் என்ற கணக்கு, காற்று மாறினால் சவாரியை நிறுத்தும் அதிகாரம் கொண்ட ஒரு ஆள், இதெல்லாம் முதல் நாளிலேயே இருக்க வேண்டும். அதற்கு உறுதி இல்லாதவரை பூங்காவில் சவாரி வேண்டாம். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

வாத்தியார் சொன்னது கோட்டையைப் பற்றி. "ஏரியை விடுங்க தம்பி. கோட்டை மேட்டுல கருவேலத்தை வெட்டி, அகழியைத் தூர்வாரி, நடக்க வழி போடுங்க. கல்லறைக்கும் கோட்டைக்கும் நடுவுல நிழலா நாலு மரம் வைங்க. அதுவே பூங்கா." கேட்டவுடன் எனக்குப் பிடித்துப்போனது. இங்கே வலை காய்வதில்லை, ஏலம் நடப்பதில்லை. இதனால் யாரும் இடம் பெயர வேண்டியதில்லை. அகழி திரும்ப நீர் பிடித்தால் மழைக்காலத்தில் ஊருக்கும் ஒரு வடிகால் ஆகும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை அங்கே இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. சுனாமிக்குப் பிறகு பழைய ஆளுநர் மாளிகையையும் தெருவில் சில வீடுகளையும் பழுது பார்த்தார்கள். அங்கே போய்வந்தால் கோட்டை வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது மட்டுமே ஒரு முழு நாள் சுகம். ஆனால் ஒரு வித்தியாசத்தை வாத்தியாரிடம் சொன்னேன். தரங்கம்பாடியில் பார்க்கக் கோட்டை இருக்கிறது. நம்மிடம் இருப்பது மேடு. மேட்டின் மேல் போலியாக ஒரு கொத்தளம் கட்டிப் பீரங்கி வைத்துப் படம் காட்ட ஆரம்பித்தால் அது பொய். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பாராமல் ஜேசிபி விடுவதும் தவறு. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கும் முன் தொல்லியல் துறையின் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இன்னொன்று, பலகையில் என்ன எழுதுவது. டச்சுக்காரர்கள் இங்கே துணி வியாபாரம் மட்டும் செய்யவில்லை. பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சத்திலும் போரிலும் பிள்ளைகளை விற்கும் நிலைக்கு வந்த ஆயிரக்கணக்கான ஜனங்களை இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றி படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மற்ற இடங்களுக்கும் அடிமைகளாக அனுப்பினார்கள். கல்லறைக்குள் இருக்கும் பெயர்கள் எல்லாம் அனுப்பியவர்களுடையவை. போனவர்களுக்குக் கல் இல்லை. பழவேற்காட்டில் பாரம்பரியப் பூங்கா என்று ஒன்று வந்தால், அதில் அவர்களுக்காக வெறும் நீரைப் பார்த்தபடி ஒரு இடமாவது இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை நானே எழுதித் தர்றேன்" என்றார்.

இந்த வழியின் குறை என்னவென்றால், அது ஏரிக்கு முகம் காட்டுவதில்லை. ராக்கெட் பார்க்கவும் பூநாரை பார்க்கவும் வருகிறவர்கள் கோட்டை மேட்டைத் தாண்டித் தண்ணீரோரம் போகத்தான் செய்வார்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மறுபடியும் பெரியம்மா வீட்டு வாசல்தான்.

பேத்தி சொன்ன மூன்றாவது வழியில் நடைபாதையே கிடையாது. கரையைச் சேறாகவே விட்டு, அலையாத்திக் கன்றுகளை நட்டு, குப்பையை அள்ளி, பறவை பார்க்க மரத்தாலான ஒரு மேடை. ஆந்திரப் பகுதி 1976இலும் நம் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயம் ஆனவை என்பதால், "சரணாலயத்தோட வாசல்ல டைல்ஸ் எதுக்கு மாமா?" என்று கேட்டாள். வடக்கே சூளூர்ப்பேட்டையில் பூநாரைக்கு ஆண்டுதோறும் விழாவே எடுக்கிறார்கள். அதே ஏரியின் தென்முனையில் இருக்கும் நாம் பறவைக்கு ஒரு பலகைகூட ஒழுங்காக வைக்கவில்லை என்பது அவள் வருத்தம். உண்மைதான்.

சென்னையில் அடையாறு பூங்கா இந்த வழியில் செய்தது. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த கழிமுகத்தில் 58 ஏக்கரை எடுத்து, நீர் போகும் வழியைத் திறந்து, கரைக்குரிய செடிகளை நட்டு, 2011இல் திறந்தார்கள். நீரும் பறவையும் திரும்பி வந்தன. இயற்கை நோக்கில் நம்மூரில் செய்த நல்ல வேலைகளில் அதைச் சொல்வேன். ஆனால் நெடுங்காலம் அது நினைத்தபோது நுழைந்து உட்காரும் இடமாக இருக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லி, குழுவாகப் போய், கூட்டிப்போகிறவர் காட்டுவதைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. நகரத்தின் நடுவே வேலியில்லாமல் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பார்கள், இருக்கலாம். பழவேற்காட்டில் வேலி போட்டால் முதலில் வெளியே நிற்பது மீன் பிடிப்பவர்கள். பறவையைக் காக்கிற பேரில் பாட்டை மூடினால், அந்தப் பறவையோடு இத்தனை தலைமுறை சேர்ந்து வாழ்ந்தவர்களைப் பகையாக்கிவிடுவோம். படகு அடையும் இடத்தில் அலையாத்தி நட்டாலும் இதே கதைதான். பேத்தி இதை ஒத்துக்கொண்டாள். துறையை விட்டுத் தள்ளி, படகு வராத ஓரங்களில் மட்டும் நட்டால் போதும் என்றாள். அந்தத் திருத்தத்தோடு அவள் வழி என் மனதில் மேலே ஏறியது.

சித்தப்பாவின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்றும் செய்யாமல் விடுவது. அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. முதலில் பெஞ்ச் வரும், பிறகு வேலி வரும், பிறகு 'இங்கே வலை காயப்போடக் கூடாது' என்ற பலகை வரும் என்கிறார். பல ஊர்க் கரைகளில் நடந்ததுதான். ஆனால் இன்றைய நிலையும் நல்ல நிலை இல்லை. குப்பை ஏரிக்குள் போகிறது. ஏலத்துக்கு வரும் பெண்கள் காலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, திரும்பிப் போகும்வரை ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாதே என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் முடிவு இதுதான். பூங்கா கோட்டை மேட்டில் இருக்கட்டும், கரை கரையாகவே இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவே நிழலான ஒரு தடம் போகட்டும். வாத்தியாரின் இடத்தைத் தேர்கிறேன், பேத்தியின் ஓரத்தைச் சேர்க்கிறேன், தம்பியிடமிருந்து வெளிச்சத்தையும் கழிவறையையும் எடுத்துக்கொள்கிறேன், சித்தப்பாவின் பயத்தை விதியாக எழுதி வைக்கிறேன்.

துறையில் செய்ய வேண்டியது முதலில் மீன்காரப் பெண்களுக்கானது. கூரை போட்ட ஏலத் தளம், கழுவிவிட்டால் வடிகிற தரை, குடிதண்ணீர்க் குழாய், பூட்டாத கழிவறை. வலை விரிக்கும் நீளத்தை அளந்து, எல்லைக் கல் நட்டு, அது ஊர்ப் பொது இடம் என்று ஆவணத்திலேயே ஏற்ற வேண்டும். பெஞ்ச் போடுவதற்கு முன்னால் இந்தக் கல் நடப்பட வேண்டும். முறை மாறினால் சித்தப்பா சொன்னது நடந்துவிடும். வலை பின்னுகிறவர்களுக்குப் பூவரசு மரம் வைக்கலாம். உப்புக் காற்றைத் தாங்கும், அடர்ந்த நிழல் தரும். வருகிறவர்கள் அந்த நிழலின் ஓரத்தில் நின்று வேலையைப் பார்க்கட்டும். ஃபோர்ட் கொச்சியில் சீன வலையை இறக்கி ஏற்றுவதைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. அங்கே மரமும் கயிறும் விலை ஏறி வலைகள் நொடிந்ததற்குப் பிறகுதான், வலை போனால் கரையின் களையும் போகும் என்பது பலருக்கு உறைத்தது. நம்மிடம் அந்த வேலை இன்னும் தன் வருமானத்திலேயே நடக்கிறது. அது பெரிய சொத்து.

துறைக்கு அப்பால் படகு அடையாத ஓரத்தில் அலையாத்தி, ஒரு மரமேடை, பறவைகளின் தமிழ்ப் பெயரும் தெலுங்குப் பெயரும் எழுதிய பலகை. ஆரம்பாக்கம், தடா பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள். நம் குப்பங்களிலும் இரண்டு மொழியும் வீட்டுப் பேச்சுதான். விளக்கைத் தாழ்வாக, தரையைப் பார்த்து வைக்க வேண்டும். உயரக் கம்பத்தில் ஏரி முழுக்கப் பாய்கிற விளக்கு இரவில் பறவைக்கும் கெடுதல், வலைக்காரருக்கும் இடைஞ்சல். ராக்கெட் நாளில் கார்கள் கரைவரை வரக்கூடாது. ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரட்டும், கோட்டை மேடு வழியாக.

பணம் ஒரு முறை வந்துவிடும், அரசுத் திட்டம் ஏதாவது ஒன்றில். பராமரிப்புக்குத்தான் எந்த வழியிலும் பதில் இல்லை. இதற்கு நான் படித்தவற்றில் நேராகப் பதில் சொன்னது நியூயார்க்கின் புரூக்ளின் பாலப் பூங்கா. 1983இல் சரக்குக் கப்பல் வேலை நின்றுபோன பழைய துறைமேடைகளை எடுத்து, 85 ஏக்கரில் பூங்காவாக்கி, 2010இல் முதல் பகுதியைத் திறந்தார்கள். இடித்த பழைய கிடங்கின் மரச் சட்டங்களையே பெஞ்சுகளாக்கினார்கள். ஒரு பக்கம் உவர்ச் சதுப்புச் செடிகளை வளர்த்தார்கள். ஆண்டுச் செலவுக்கு நகராட்சியிடம் கை நீட்டக் கூடாது என்று, பூங்கா நிலத்தில் ஒரு சிறு பங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு இடம் கொடுத்து அந்த வருமானத்தில் நடத்துகிறார்கள். அடுக்குமாடி நமக்கு ஆகாது, அந்த ஊரிலேயே அதற்கு எதிர்ப்பு இருந்தது. ஆனால் பூங்காவைத் திறப்பதற்கு முன்பே அதற்குச் சோறு போடுவது யார் என்று எழுதி வைத்தார்களே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நமக்கு ராக்கெட் நாள் பார்க்கிங் கட்டணம், ஞாயிற்றுக்கிழமைக் கடை வாடகை, இரண்டையும் ஊராட்சியில் தனிக் கணக்காக வைக்கலாம். கழிவறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மகளிர் சுய உதவிக் குழுவுக்குச் சம்பளத்தோடு கொடுக்கலாம். இந்த ஊர்ப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டியும் கூடையும் எவ்வளவு நேர்த்தி என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். கடையில் முதல் இடம் அவர்களுக்கு.

தம்பி இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஏரியோரம் அரை கிலோமீட்டராவது நடக்க இடம் வேண்டும் என்கிறான். படகு அடையாத பக்கம், சுவர் இல்லாமல், மண் தடமாகப் போடுவதானால் சரி என்றேன். மழைக்காலத்தில் முழுகிப் போகுமே என்றான். முழுகட்டும், தண்ணீர் வடிந்ததும் நடப்போம் என்றேன். அதில் வந்து நிற்கிறது பேச்சு.

படம் வரைய யாராவது வருவதாக இருந்தால் மூன்று நாள் வந்து பார்க்கட்டும். ஏலம் நடக்கிற ஒரு காலை, ராக்கெட் ஏவுகிற ஒரு நாள், ஐப்பசி மழையில் ஆற்றுத் தண்ணீர் ஏறி நிற்கிற ஒரு நாள். காலையில் வரும்போது ஆறு மணிக்கே வரட்டும். டேப்பைப் பிடிப்பதற்கு முன் அன்னக்கூடையோடு நிற்கிற ஆயாக்களிடம் கேட்டால், எது வரைக்கும் அளப்பது என்று அவர்களே காட்டுவார்கள்.